தெரியாமல் படிக்கப் போவது தப்பா?

போன ஆண்டு, யு.பி.யு. விண்ணப்பம் திறந்திருந்த நேரம். ஒரு சனிக்கிழமை காலையில் என் சித்தி மகள் என்னைப் பார்க்க நிபோங் திபாலுக்கு வந்தாள். சுங்கைப்பட்டாணியில் கொமுட்டர் ஏறி, புக்கிட் மெர்தாஜாமில் ரயில் மாறி வந்து இறங்கியவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ரொட்டி சானாய் வருவதற்குள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். 1 முதல் 12 வரை எண்கள். மூன்று வரிகள் மட்டும் நிரப்பியிருந்தன: மருந்தியல், கணக்கியல், ஆசிரியர் கல்வி. மீதி ஒன்பதும் காலி.

“எஸ்.டி.பி.எம்.ல நல்லாத்தான் செஞ்சிருக்கேன்ணா. ஆனா எது எனக்குன்னு தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணா சின்ன வயசிலேயே தெரிஞ்சது?”

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. எனக்கு ஏழு வயதிருக்கும்போது தாத்தாவின் ரேடியோவை முழுக்கப் பிரித்துப் போட்டேனாம். “அப்பவே இவன் இஞ்சினியர்தான்னு எனக்குத் தெரியும்” என்று அம்மா கோயில் அன்னதானப் பந்தியில்கூடச் சொல்லுவார். கதையின் பின்பாதியை மட்டும் சொல்ல மாட்டார். பிரித்த ரேடியோவை எனக்குத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. கடைசி வரை அது பாடவே இல்லை.

தங்கச்சிக்கு அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். “எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்.”

அந்த நடிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என்ன படிப்பது என்று தெரியாமல் இருப்பது தப்பா? தெரியாமலே ஒரு படிப்பில் போய்ச் சேருவது தப்பா? அப்பா அம்மா காசில், அரசாங்கக் கடனில், நிச்சயம் இல்லாத ஒன்றைத் தொடங்க நமக்கு உரிமை உண்டா?

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய பன்னிரண்டு வரிகளையும் ஒரே இரவில் நிரப்பினேன். நண்பன் போட்டதால் ஒன்று, ஆசிரியர் சொன்னதால் ஒன்று, பெயர் நன்றாக இருந்ததால் ஒன்று. ஐந்தாவது வரியில் இருந்த சிவில் பொறியியல் கிடைத்தது. அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா பிறையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறார். செய்தி வந்த இரவு ஷிப்டு முடிந்து வந்த அம்மாவிடம், “இதும்மா நான் ஆசைப்பட்டது” என்றேன். அம்மா சாமி மேடைக்கு முன்னால் நின்று அழுதார். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வாரம் அம்மா தன் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து எனக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். “புள்ள ஆசைப்பட்டுப் படிக்கிறான், அரைகுறையா வாங்கக் கூடாது” என்றார். என் நெஞ்சில் முள்ளாக இன்னும் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

நான் படிக்கும் வளாகம் டிரான்ஸ்கிரியானில் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைகள் பேராக்கிலிருந்து 2001 இல் இங்கே வந்தன. டிரான்ஸ்கிரியான் ஒரு தோட்டத்தின் பெயர். அந்தப் பெயரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அப்புறம் செம்பனை என்று நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்திருக்கிறார்கள். என் பாட்டியும் மரம் வெட்டியவர்தான். “உனக்கு எது பிடிக்கும்?” என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்துவிட்டு, “எனக்கு எது பிடிக்கும்னு தெரியல” என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கிடைத்த சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு பசி இல்லை என்று சொல்கிற மாதிரி. அதனால் பொய் சொன்னேன். உங்களில் பல பேர் சொல்லும் பொய்யும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, நன்றிக்கடனில் சொல்லும் பொய்.

ஆனால் அந்தப் பொய் சும்மா இருக்கவில்லை. முதலாண்டு இரண்டாம் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்றேன். பாடம் புரியாதவன் ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம், அண்ணன்மார்களிடம் கேட்கலாம். சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்டவன் எப்படிக் கேட்பது? நான் போட்ட வேஷமே என் வாயை அடைத்துவிட்டது. மறு தேர்வு எழுதியதையும் வீட்டில் சொல்லவில்லை. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வளாகத்தில் நண்பர்கள் நடத்திய கீதை வகுப்புக்குப் போனேன். பக்தி என்று சொல்ல முடியாது. தனியாக அறையில் உட்கார முடியவில்லை, அதனால் போனேன். அங்கே என்னை நிமிர வைத்தது கீதையின் தொடக்கம்தான். நம்முடைய இவ்வளவு பெரிய நூல் எப்படித் தொடங்குகிறது? என்ன செய்வது என்று தெரியாமல் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த ஓர் ஆளோடு தொடங்குகிறது. அர்ஜுனன் சோம்பேறி இல்லை, திறமை இல்லாதவனும் இல்லை. அந்தக் காலத்தின் சிறந்த மாணவன் அவன். அவனே இரண்டாம் அத்தியாயத்தில், எது சரி என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது, நான் உன் மாணவன், எனக்குச் சொல்லிக் கொடு என்ற பொருளில் கேட்கிறான். அப்படிக் கேட்ட பிறகுதான் பாடம் தொடங்குகிறது. தெரிந்த மாதிரி அவன் வில்லை எடுத்திருந்தால் நமக்குக் கீதையே கிடைத்திருக்காது.

இங்கே ஒரு நண்பர் சரியான ஒரு தடை எழுப்பினார். “நாலாம் அத்தியாயத்துல, சந்தேகப்படுறவன் அழிஞ்சு போறான்னு சொல்லியிருக்கே?” உண்மைதான், நாற்பதாவது சுலோகம். ஆனால் அங்கே சந்தேகம் தனியாக நிற்கவில்லை. அறிவு இல்லாமை, சிரத்தை இல்லாமை, சந்தேகம் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. சிரத்தை என்பதை நம்பிக்கை என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது, மனசை வைத்துச் செய்வதும் அதில் அடங்கும். எதையும் தெரிந்துகொள்ளாமல், எதிலும் மனசை வைக்காமல், சும்மா சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பவன்தான் கெட்டுப் போகிறான். அந்த அத்தியாயத்தின் கடைசிச் சுலோகமே, அறிவு என்ற வாளால் சந்தேகத்தை வெட்டிவிட்டு எழுந்து நில் என்கிறது. சந்தேகத்தை வெட்டச் சொல்கிறதே தவிர, ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. நான் மூன்று வருஷமாகச் செய்தது ஒளித்து வைத்தது.

அப்படியானால் சுயதர்மம் என்று ஒன்று உண்டே, அவரவருக்கு உரியது, அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். குறையோடு செய்தாலும் தன் தர்மமே மேல் என்ற கருத்து கீதையில் இரண்டு இடங்களில் வருகிறது, மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும். நான் அதில் ‘குறையோடு’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். தனக்கு உரியதைச் செய்யும்போதும் தடுமாற்றம் இருக்கும் என்று கீதையே ஒப்புக்கொள்கிறது. நமக்குத்தான் முதல் நாளே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று ஆசை. சுயதர்மம் பதினெட்டு வயதில் யு.பி.யு. பக்கத்தில் நம் பெயரோடு வந்து நிற்காது. செய்து பார்த்துத்தான் தெரியும்.

இதற்கு இரண்டு வாழ்க்கைகளைச் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரு நாள் நேரில் சந்தித்தவர்கள்.

முதலாமவர் அப்துல் கலாம். அவர் முதலில் படித்தது விண்வெளிப் பொறியியல் இல்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954 இல் பட்டம் பெற்றார். படித்து முடிக்கும்போதுதான் இயற்பியல் தன் துறை இல்லை, பொறியியலுக்குப் போயிருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, கட்டணம் கட்டக் கையில் பணம் இல்லை. அவருடைய அக்கா சோரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். படித்து முடித்ததும் விமானப்படையில் விமானி ஆக வேண்டும் என்று டேராடூனுக்குப் போனார். நேர்முகத்துக்கு வந்த இருபத்தைந்து பேரில் அவர் ஒன்பதாவது. எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. மனம் உடைந்து ரிஷிகேசத்துக்குப் போய்க் கங்கையில் குளித்துவிட்டு ஓர் ஆசிரமத்துக்குள் நுழைந்தார்.

அங்கே இருந்தவர்தான் இரண்டாமவர், சுவாமி சிவானந்தர். நமக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. பத்துமலையில் அவர் பெயரில் ஆசிரமம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் இந்த மண்ணில் டாக்டராக வேலை செய்தவர் என்பது பல பேருக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887 இல் பிறந்தவர், இயற்பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1913 இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். சிரம்பான் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், பிறகு ஜொகூரில். பத்து வருஷம் கழித்து 1923 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கினார்.

அப்போது மருத்துவம் படித்தது வீணா? நானும் அப்படித்தான் கேட்டேன். 1927 இல் அவர் லட்சுமண் ஜூலாவில் யாத்திரிகர்களுக்காக ஒரு தர்ம மருந்தகம் நடத்தினார். காவி கட்டிய பிறகும் கையில் இருந்தது அதே வைத்தியம்தான். படித்தது போகவில்லை, இடம் மாறியது.

விமானி ஆக முடியாமல் வந்து நின்ற இளைஞனிடம் அவர், இந்தத் தோல்வியை மறந்துவிட்டு நீ எதற்காகப் பிறந்தாயோ அதைத் தேடு என்ற பொருளில் சொன்னார். சொன்னவரே முப்பத்தாறு வயதில் பாதையை மாற்றிக்கொண்டவர். அதனால்தான் அந்த வார்த்தைக்குப் பலம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, “பார்த்தியா, பெரியவங்களுக்கே தெரியல, எதை எடுத்தாலும் ஒண்ணுதான்” என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சோராவின் வளையலையும் என் அம்மாவின் சங்கிலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் தங்கம், இரண்டும் அடகுக்குப் போனவை. கலாம், இதுவரை படித்தது என் துறை இல்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டு வந்து நின்றார். அவருடைய அக்கா அந்த உண்மையின் மேல் வளையலை வைத்தார். என் அம்மா சங்கிலியை வைத்தது என் பொய்யின் மேல். நிச்சயம் இல்லாமல் படிக்கப் போனது என் தப்பு இல்லை. நிச்சயம் இருப்பதாகச் சொல்லி இன்னொருவர் தங்கத்தை வைக்க விட்டதுதான் தப்பு. ஒருவர் நமக்காகக் கஷ்டப்படும்போது, எதற்காகக் கஷ்டப்படுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது.

“பாவம், சொன்னா கவலைப்படுவாங்க” என்பது நாம் எல்லாரும் சொல்லும் சமாதானம். கவலைப்படுவார்கள்தான். ஆனால் அந்தக் கவலையில் பங்கு கொடுக்காமல் காசில் மட்டும் பங்கு கேட்பது நியாயமா?

தெரியவில்லை என்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. தேடிப் பார்த்தும் தெரியாமல் இருப்பது ஒன்று. தேடாமலே தெரியாமல் இருப்பது இன்னொன்று. ஒரே இரவில் பன்னிரண்டு வரி நிரப்பிய நான் இரண்டாவது வகை. தங்கச்சிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு படிப்பின் பெயரைப் பார்க்காதே, அதன் முதல் இரண்டு ஆண்டுப் பாடப் பட்டியலைப் பார். அதைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், எது கஷ்டம் என்று கேள். எந்தப் படிப்பு எந்தக் கதவை மூடுகிறது என்று பார். உயிரியல் எடுக்காமல் வந்தவனுக்கு மருத்துவம் அநேகமாக மூடிவிடும். அங்கீகாரம் இல்லாத பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு பொறியியலாளர் வாரியத்தில் பதியப் போனால் சிக்கல். பி.டி.பி.டி.என். கடன் எவ்வளவு வரும் என்று வீட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடு. முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனுக்கு நிபந்தனைகளோடு விலக்கு கிடைக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்.

“பாதுகாப்பான படிப்பு” என்று யாராவது சொன்னால் அதையும் கொஞ்சம் தட்டிப் பார். டாக்டர் ஆனால் கவலையே இல்லை என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வந்தார்கள். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில் எடுக்க ஆரம்பித்தது. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே கறுப்பு உடையில் வந்து நின்றார்கள். டாக்டருக்குப் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. பயத்துக்காக மட்டும் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பயமும் கூடவே வரும் என்கிறேன்.

வசதி இருப்பவன் இரண்டு தடவை தப்புப் பண்ணலாம், நமக்கு ஒரு தடவைதான், அதனால் தெரியாமல் இருக்கும் சொகுசு நமக்குக் கிடையாது என்று என் அறைத்தோழன் சொல்லுவான். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்கு என் பதில் இதுதான்: முழுசாகப் பிடித்ததைத் தேடிக் காத்திருக்காதே. உன்னால் முடித்துக் காட்ட முடிந்ததை, பின்னால் இன்னும் சில கதவுகள் திறந்திருப்பதை எடு. எடுத்த பிறகு மனசை வை. தெரியாமல் தொடங்குவது குற்றமில்லை, தெரியவில்லை என்பதையே சாக்காக வைத்துக்கொண்டு அரைகுறையாகப் படிப்பதுதான் குற்றம்.

எனக்கு மனசு வந்தது மெதுவாகத்தான். இரண்டாம் ஆண்டில் மழைநீர் வடிகால் பாடம். 10 ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லும் மண்ணுமாக, வழிந்தோடும் பங்கு 0.3 ஆக இருந்தால், வினாடிக்கு ஏறக்குறைய 0.8 கனமீட்டர் தண்ணீர் வடிகாலுக்கு வரும். அதே நிலத்தில் சிமெண்டும் தாரும் போட்டு 0.9 ஆக்கிவிட்டால் 2.5 கனமீட்டர். மழை அதேதான், வடிகாலும் பழையதேதான், தண்ணீர் மட்டும் மூன்று மடங்கு. அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது 2017 நவம்பர் வெள்ளம் ஞாபகம் வந்தது. பினாங்கையே மூழ்கடித்த அந்த இரவில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு அம்மா, “ஏன் நம்ம பக்கம் மட்டும் இவ்ளோ தண்ணி?” என்று கேட்டது நினைவிருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு சின்னப் பதிலின் முனை என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தேர்வுக்காக இல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஆசை முதலில் வந்து படிப்பு பின்னால் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது தலைகீழ்.

இருந்தாலும், இஞ்சினியராகவே இருப்பேனா என்று இன்றும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. தங்கச்சி வந்து போன வாரம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாவது வரி, தோற்ற பாடம், மறு தேர்வு, எல்லாம். அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“எனக்கு மட்டும் பேக்டரி பிடிச்சா போனேன்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல. நானும் கூட உக்காந்து யோசிச்சிருப்பேன். தனியா எதுக்குச் சுமந்த?”

அவ்வளவுதான். நான் பயந்த மாதிரி வீடு இடிந்து விழவில்லை. சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் முன்பைவிடக் கனமாக இருக்கிறது. அது நல்ல கனம்.

பதினெட்டு அத்தியாயம் சொல்லி முடித்த பிறகு கண்ணன் அர்ஜுனனிடம், எல்லாவற்றையும் நன்றாக யோசித்துவிட்டு உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவன் கையிலேயே விட்டுவிடுகிறார். கடவுளே முடிவை நம் கையில் விடும்போது, பக்கத்து வீட்டு அங்கிளிடமோ போன வருஷத்து மதிப்பெண் பட்டியலிடமோ அதைக் கொடுத்துவிட வேண்டாம். யோசிக்க உதவி கேளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள்.

தங்கச்சி பன்னிரண்டு வரியையும் நிரப்பினாள், ஒரே இரவில் இல்லை, மூன்று வாரத்தில். அதற்கு முன் சித்தியை உட்கார வைத்து, “ம்மா, எனக்கு இன்னும் தெரியல” என்று சொன்னாளாம். இப்போது கணக்கியல் படிக்கிறாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால், “இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்ணா” என்கிறாள்.

அம்மா இன்னமும் ரேடியோ கதையைச் சொல்லுகிறார். இப்போது கடைசியில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: “பிரிச்சான், ஆனா மாட்டத் தெரியல. அதுக்குத்தான் படிக்கிறான்.”